மோட்டார் சுவிட்சில் ஒரு கைக்குட்டைத் துண்டு

பதினோரு வருஷம் கழித்துக் கிடைத்த விடுமுறை, அதுவும் நாலே நாள். சந்தடி எட்டாத மலைச்சரிவில் ஒரு மரவீடு, சுற்றிலும் புல்வெளி, நூறடி மேலே இன்னொரு மரவீடு, அவ்வளவுதான். கிளம்பும்போதே டீச்சர் கணவரிடம் வாக்கு வாங்கியிருந்தாள்: யார் வந்து எதைத் தொலைத்தேன் என்று அழுதாலும் இந்த நாலு நாளும் நீங்கள் துப்பறிவாளர் இல்லை. அவரும் தலையாட்டினார். ஆனால் வந்து இறங்கியதும் வருகைப் பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் ‘துப்பறிதல்’ என்று எழுதிவைத்தார் மனுஷன். பொய் எழுதக் கூடாதாம்.

அதன் பலன் மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டியது.

வந்தவள் இரண்டு வீடுகளையும் பார்த்துக்கொள்கிற பெண். சாவிக்கொத்து எந்நேரமும் இடுப்பில் தொங்குவதால் சாவிக்காரி என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள்.

“சார், மேல் வீட்டம்மா என் தலையில பழியைப் போட்டுட்டாங்க. முதலாளி பன்னெண்டு மணிக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வர்றாராம். அதுக்குள்ள என் அறையைக் காலி பண்ணணுமாம். ஒன்பது வருஷமா அந்த ஒரு அறைதான் சார் எனக்கு வீடு.”

விஷயம் இதுதான். இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. ஒருநாள் விட்டு ஒருநாள் சாவிக்காரி மோட்டார் போடுவாள். கடைசியாகப் போட்டது சனிக்கிழமை காலையில். இன்று தொட்டி வற்றிவிட்டதென்று போய்ப் பார்த்தால், மேல் வீட்டுப் பின்சுவரில் மோட்டார் சுவிட்ச் இருக்கும் மரப்பெட்டியில் ஃப்யூஸ் கட்டையைக் காணோம். துணியை மலைபோலக் குவித்துத் துவைக்கிறார்களே என்று சனிக்கிழமைதான் மேல் வீட்டம்மாவிடம், கொஞ்சம் பார்த்துப் புழங்குங்கள் என்று சொல்லியிருந்தாள். வார்த்தை தடித்துப் போயிற்று. அந்தக் கோபத்தில் சாவிக்காரிதான் ஃப்யூஸைப் பிடுங்கி ஒளித்துவிட்டாள் என்று அந்த அம்மா முதலாளிக்குப் போன் போட்டுவிட்டாள்.

துப்பறிவாளர் மனைவியைப் பார்த்தார்.

“அப்படிப் பாக்காதீங்க என்னை.”

“நான் ஒண்ணுமே சொல்லலையே.”

“பல் தேய்க்கத் தண்ணி இல்லை. அதுக்காகத்தான் வர்றேன். உங்க கேஸுக்காக இல்லை,” என்று செருப்பைத் தேடினாள் டீச்சர்.

மரப்பெட்டிக்குப் பூட்டு கிடையாது, வெறும் கொக்கிதான். உள்ளே மோட்டார் சுவிட்சின் கைப்பிடி கீழே இறக்கப்பட்டிருந்தது. ஃப்யூஸ் இருந்த இடம் பல் விழுந்த வாய்போல இருந்தது. கைப்பிடியில் வெள்ளைக் கைக்குட்டைத் துண்டு ஒன்று இறுக்கமாக முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

“இது நீங்க கட்டினதா?”

“இல்லை சார். காலையில பாத்தப்பவே இருந்துச்சு. நான் தொடலை.”

டீச்சருக்கு எரிச்சலை மீறிக்கொண்டு மூளை ஓடத் தொடங்கிவிட்டது. “இவளை மாட்டிவிட அந்த அம்மாவே பண்ணியிருக்கணும்.”

“அவங்களுக்கும்தான் தண்ணி இல்லை. குளிக்காம கொள்ளாம யாராவது பழிவாங்குவாங்களா?”

“அப்ப நீங்களே சொல்லுங்க.”

அவர் சொல்லவில்லை. தொட்டியைப் பார்க்க நடந்தார். இதுதான் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வருகிற குணம்.

இரும்புக் கால்கள்மேல் நின்றது தொட்டி. அடியில் பச்சைப் பாசி மெத்தைபோலப் படர்ந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் ஈரமே இல்லை.

“சனிக்கிழமை சாயங்காலம் பூரா இதுதான் டொக், டொக்னு சொட்டி என் உயிரை வாங்கினது,” என்றாள் டீச்சர். “மறுநாள் விடிஞ்சப்ப நின்னுபோச்சு.”

“தொட்டியில தண்ணி இருந்ததா?”

“தாராளமா. ரெண்டு பேரும் குளிச்சோமே.”

“நீங்க சரி பண்ணினீங்களா?” என்று சாவிக்காரியைக் கேட்டார்.

“நான் எங்கே சார்? ரெண்டு வருஷமா முதலாளிகிட்டச் சொல்லிட்டேதான் இருக்கேன்.”

அண்ணாந்து பார்த்தார்கள். கீழே இறங்கும் குழாயின் மூட்டில் புது வெள்ளை டேப் பளிச்சென்று தெரிந்தது. ஏணியின் முதல் இரண்டு படிகளில் பாசி வழித்துக்கொண்டு போயிருந்தது.

மேல் வீட்டு முன்புறத்தில், தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருக்கும் அந்த வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் கட்டிப்போட்டதுபோல உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே மனைவி. படியில் கிடந்த அவருடைய ரப்பர் செருப்பின் குதிகால் வரிகளில் பச்சையாய் ஏதோ காய்ந்திருந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி ஜன்னல் விளிம்பில் தூசி படக் கிடந்தது. கண்ணாடிக் கூடு மட்டும் சட்டைப் பைக்குள் புடைத்துக்கொண்டு, மேலே பொத்தானும் போட்டு இருந்தது. இப்படியும் ஒரு ஜன்மமா என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

“நீங்க யாரும் அவளுக்குப் பரிஞ்சு பேச வேண்டாம்,” என்றாள் ஃபோர்மேன் மனைவி எடுத்த எடுப்பிலேயே. “மூணு மாசம் முன்னால இவர் வேலையிலேயே மயங்கி விழுந்தார். நெஞ்சுக்கு ஓய்வு வேணும்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணினப்புறம்தான் வண்டியே ஏறினோம். ஸ்பானரை எல்லாம் பையிலேருந்து எடுத்து வெளியில போட்டேன். நிம்மதியா இருக்க விடறாளா இவ?”

“உங்களுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?” துப்பறிவாளர் ஃபோர்மேன் பக்கம் திரும்பினார்.

“முப்பத்தொண்ணு. மெஷின் மெயின்டனன்ஸ்.”

“ரிப்பேருக்காக ஒரு மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னால என்ன பண்ணுவீங்க?”

ஃபோர்மேன் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது. “முதல்ல சுவிட்சை இறக்கணும் சார். அப்புறம் ஃப்யூஸைக் கழற்றி அவனவன் தன்கிட்டயே வச்சுக்கணும். ஆள் வேலையில இருக்கான்னு தெரியற மாதிரி கைப்பிடியில ஒரு அட்டை...”

பாதியில் நின்றுபோனார்.

“அட்டை இல்லேன்னா கைக்குட்டையைக் கிழிச்சும் கட்டலாம்,” என்று மெதுவாக முடித்தார் துப்பறிவாளர். “கெடுக்க வந்தவங்க அடையாளம் கட்டிட்டுப் போகமாட்டாங்க அம்மா. அந்த முடிச்சைக் கட்டினவர் யாருக்கும் ஆபத்து வரக் கூடாதுன்னு நினைச்சவர். ஞாயித்துக்கிழமை விடியக்காலையில, நீங்க தூங்கும்போது, ஏணியில ஏறியிருக்கார். பாசி செருப்பிலேயே இருக்கு. தொட்டியிலேருந்து இறங்கற குழாயை அடைக்க மோட்டாரை நிறுத்தவே தேவையில்லை. அது சும்மாதான் கிடந்தது. ஆனா முப்பத்தொரு வருஷப் பழக்கம், ஃப்யூஸைக் கழற்றாம கை எதையும் தொடாது.”

“அப்ப ஃப்யூஸ் எங்கே?” என்று கேட்டாள் டீச்சர். கேட்ட வாயை மூடுவதற்குள் அவள் கண் அந்தச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. “கண்ணாடி வெளியில கிடக்குது, கூடு பொத்தான் போட்ட பைக்குள்ள இருக்குது.”

ஃபோர்மேன் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை.

“டேப் சுருள் ஒண்ணு மட்டும் இவ கண்ணுல படாம பையில இருந்துச்சு. வேலை முடிஞ்சு கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுல வைக்கப் போனா இது கண்ணுல படும் சார். மறக்காம மாட்டிடுவோம். அன்னிக்குக் கூட்டைத் திறக்கறதுக்குள்ள இவ உள்ளேருந்து கூப்பிட்டுட்டா. கண்ணாடியை ஜன்னல்ல போட்டுட்டு, சும்மா நடக்கப் போயிருந்தேன்னு இவகிட்டச் சொல்லிட்டேன். இன்னிக்குத் தண்ணி நின்னப்பதான் ஞாபகமே வந்துச்சு. திருப்பி மாட்டலாம்னா இவ பக்கத்தை விட்டு நகர மாட்டேங்கறா. நகர்ந்தது ஒரே தடவை, போன் பண்ண. நான் பெட்டிகிட்டப் போறதுக்குள்ள வந்துட்டா. பழியைப் போட்டாச்சுன்னு சொன்னா. அதுக்கு மேல எப்படி வாயைத் திறக்கிறது?”

“உங்களுக்கு வாயைத் திறக்கக் கூச்சமா இருந்தா இவ வீட்டை விட்டுப் போகணுமா?” டீச்சருக்குக் குரல் பள்ளிக்கூடத்துக் குரலாகவே ஆகிவிட்டது.

 ஃபோர்மேன் மனைவி பீங்கான் கட்டையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“ஏணியில ஏறினீங்களா,” என்றாள்.  “மேலேயே தலை சுத்தியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? சொட்டினா சொட்டிட்டுப் போகட்டும்னு ஒரு நாள் இருக்கத் தெரியாதா உங்களுக்கு?” பிறகு சாவிக்காரி நிற்பது நினைவுக்கு வந்ததுபோல எழுந்து, கணவரைக் கூப்பிட்டாள். “வாங்க. நான் பண்ணின போனுக்கு நீங்களே பதில் சொல்லுங்க.”

மேல் வீட்டை ஒட்டியிருந்த சாவிக்காரியின் அறையில்தான் அங்கே இருந்த ஒரே போன். கட்டில் ஓரம் இரண்டு துணி மூட்டைகள் கட்டித் தயாராய் இருந்தன. அவற்றைத் தாண்டிப் போய் ஃபோர்மேன் முதலாளியைக் கூப்பிட்டு, தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அட, இவ்வளவுதானா? சரி, அவளை இருக்கச் சொல்லுங்க. ஏன் சார், அந்தக் குழாயை நீங்களா சரி பண்ணினீங்க? அப்ப கீழ் வீட்டு அடுப்படிக் குழாயையும் ஒரு கை...”

ஃபோர்மேன் மனைவி ரிசீவரைப் பிடுங்கினாள். “தொடமாட்டார். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், அவ மேல குத்தமில்லை. அதுக்கு மட்டும்தான் போன்.” ரிசீவரைச் சாவிக்காரியிடம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை அவளுக்கு.

சாவிக்காரி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“ஐயா, போகச் சொன்னீங்க, இப்ப இருக்கச் சொல்றீங்க. ரெண்டு தடவையும் மத்தவங்க சொன்னதைத்தான் கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. இப்பக் கேளுங்க. அப்புறம் நான் இருக்கறதா இல்லையான்னு சொல்றேன்.”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவது கேட்டது.

“சரி... என்னம்மா நடந்துச்சு?”

சாவிக்காரி முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சனிக்கிழமை காலையிலிருந்து, ஒன்றும் விடாமல், நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.