வெர்லினின் இடது கால்

போன வாரம் வெர்லின் காலுறையைக் கழற்றியபோது, உள்ளங்காலில் ஒரு வேலி ஆணி முழுதாக இறங்கியிருந்தது. எத்தனை நாளாக என்று அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை வியாதியில் அந்தக் கால் வலியை மறந்து நான்கு வருடமாகிறது.

புதன்கிழமை டாக்டர் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். அழுகல் எலும்புக்கு ஏறிவிட்டதாம், நரம்பும் செத்துவிட்டதாம். நெப்ராஸ்காவில் நாற்பது வருடம் மாட்டு வைத்தியம் பார்த்தவருக்கு, செத்துவிட்டது என்ற அந்த வார்த்தை பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், கொட்டகையில், சினை பார்க்கும் ஸ்கேன் மெஷினைக் காலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது மாட்டுக்கு வாங்கினது, வெர்லின்," என்றாள் மனைவி ஆர்டித்.

"என்னைவிடப் பிடிவாதக்கார மாட்டை நீ பார்த்திருக்கியா?"

"இல்ல. சூப் ஆறிடும், சீக்கிரம் வா."

அவள் போனதும், ஈர வைக்கோலும் அயோடினும் மணக்க, வெளியே பனி விழுந்துகொண்டிருக்க, மாடுகள் அசைபோடும் சத்தத்துக்கு நடுவே கணுக்காலின் உட்புறம் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார். திரையில் ரத்தக்குழாய் துடித்தது. பக்கத்திலேயே நரம்பு, தேனடை போல, வீங்கிப் பெருத்து.

அதுவும் துடித்தது.

நரம்பு துடிக்காது. ரத்தக்குழாயின் தாளமும் இது இல்லை, இன்னும் வேகம். பசுவின் வயிற்றுக்குள், கன்றின் இதயத்தில், ஆயிரம் முறை அவர் பார்த்த தாளம். கருவியைக் கெண்டைக்கால் வரை நகர்த்தினார். அங்கேயும் அந்தத் துடிப்பு வந்திருந்தது. மாடுகள் அசைபோடுவதை நிறுத்தியிருந்தன.

"போடா," என்றார் வெர்லின். "இது என் கால்."

அழுத்தினார். நான்கு வருடத்தில் முதல்முறையாகக் கால் உணர்ந்தது. கதகதப்பு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"செத்துப்போச்சுன்னானே அந்த டாக்டர்."

பிறகுதான் புரிந்தது. உள்ளேயிருந்து எதுவோ எலும்பைப் பிடித்திருந்தது. பிடி இறுகியது. கருவியை வீசினார். திரை அணைந்தது. தோலுக்கடியில் துடிப்பு நிற்கவில்லை.

கால் எழுந்தது. அவர் எழுப்பவில்லை. குதிகாலை வைக்கோலில் ஊன்றியது. கதவுப் பக்கம் இழுத்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி சாய்ந்தது. வெர்லின் தொழுவத்தின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"நான் வரல. உன்னையும் விடமாட்டேன்."

"யார்கிட்ட பேசற?" முற்றத்திலிருந்து ஆர்டித்தின் குரல்.

பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை இன்னும் இறுகப் பிடித்தார். குதிகால் மறுபடி ஊன்றியது. ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண். உடம்பு நகரவில்லை. முழங்காலுக்குக் கீழே தோல் மட்டும், கிழியாமல், நீண்டுகொண்டே போனது.