சுண்டெலி அழுத்திய ‘சரி’

அப்பா ஆறரைக்கு எழுந்தார். பால் வைத்தார். பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தார். மகள் சுண்டெலிக்குச் சடை பின்னினார். ஒரு சடை கிழக்கே பார்த்தது, மற்றது மேற்கே. போன வருடம் அம்மா இறந்ததிலிருந்து தினமும் இப்படித்தான்.

சுண்டெலிக்கு வயது பத்து. அன்று பள்ளி விடுமுறை. அம்மாவின் பழைய மடிக்கணினியைத் திறந்தாள். பல் தேய்த்துவிட்டு வந்தாள். அது இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

கணினி டீச்சர் ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தார். “இது லினக்ஸ். கணினியை ஓட்டற மென்பொருள். பலபேர் சேர்ந்து செஞ்சது, இலவசம். பழைய கணினியும் பறக்கும். ஆனா கோளாறு வந்தா எந்தக் கம்பெனியும் ஓடி வராது. நாமதான் பாத்துக்கணும்.”

சுண்டெலி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கியிருந்தாள். பென்டிரைவைச் செருகினாள்.

‘எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவலாமா?’ என்று திரை கேட்டது. ‘சரி’யை அழுத்தினாள்.

“அப்பா! இப்ப குதிரை மாதிரி ஓடுது!”

அப்பா குனிந்து பார்த்தார். “அம்மா குரல் பதிவெல்லாம் எங்க?”

அம்மாவின் குரல் அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தது. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்பாவின் போனில், டீச்சர் சொல்லியிருந்த லினக்ஸ் குழுவுக்கு எழுதினாள்: ‘தானாவே அழிஞ்சுபோச்சு.’ அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: ‘நான்தான் அழிச்சேன். எங்க அம்மா குரல் அதுல இருந்தது.’

பதில் வந்தது. ‘உண்மையைச் சொன்னது நல்லதாப் போச்சு. எங்க தேடணும்னு தெரிஞ்சுது. உடனே கணினியை அணை. புதுசா எதையும் அதுல ஏத்தாதே.’

‘எவ்வளவு காசு மாமா?’

‘மாமா இல்ல, அக்கா! பஸ் ஓட்டறேன். காசெல்லாம் வேணாம். அதே ‘சரி’யை நானும் ஒருநாள் அழுத்தினவதான்.’

அக்கா சொல்லச் சொல்ல, பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கி, அப்பாவும் மகளும் மூன்று நாள் தேடினார்கள். அம்மா சொன்ன கதைகள் போயே போயின. பாட்டும் போனது. பன்னிரண்டு விநாடி மட்டும் கிடைத்தது. அம்மா மருத்துவமனைக்குக் கிளம்பிய காலையில், சுண்டெலி விளையாட்டாகப் பதிந்தது. அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை.

“அழிச்சிருக்கக் கூடாதுப்பா” என்றாள் சுண்டெலி.

“நானும் ஒரு பிரதி எடுத்து வெச்சிருக்கணும்” என்றார் அப்பா.

மறுநாள் ஆறரை. அப்பா பால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சுண்டெலி பதிவை ஓடவிட்டாள். பாத்திரம் உருளும் சத்தம். செருப்புச் சத்தம். பிறகு அம்மா:

“ரெண்டு பேரும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க. ஓடுங்க, பால் பொங்குது!”