அறுநூற்று நாற்பத்து மூன்று மைல்

புதன்கிழமை, மாலை 5.20.

தெமோதரைக்கு மேலே இருக்கும் வெள்ளக்கல் தோட்டத்தில், அதன் மேல் பிரிவான மேல்கணக்குக்குப் போகும் பாதையின் மூன்றாவது வளைவில், மழைத் தண்ணீர் ஓடும் கல் கானுக்குள் கருப்பம்மா இறந்து கிடந்தார். வயது அறுபத்தொன்று. கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானம் விறகு பொறுக்கப் போனவரைக் காணவில்லை என்று தேடி வந்த கணவர் வீரசிங்கம்தான் முதலில் கண்டார்.

6.05க்கு உப பொலிஸ் பரிசோதகர் ஜெயந்தினியும் கான்ஸ்டபிள் நப்ரீஸும் வந்தார்கள்.

"வழுக்கி விழுந்திருப்பாங்க மேடம்" என்றான் நப்ரீஸ்.

ஜெயந்தினி பாதையைக் கடந்து போனார். விறகுக் கட்டு கானுக்குள் இல்லை. பத்தடி தள்ளி, கயிறு அறுந்து சிதறிக் கிடந்தது. ஒரு குச்சியின் முனையில் கரும்பச்சைப் பெயின்ட் தீற்றியிருந்தது.

"வழுக்கி விழுந்தா தலையில இருந்த கட்டு இவ்வளவு தூரம் பறக்குமா?"

யூக்கலிப்டஸ் மரங்களுக்கு அடியில், மழை அதிகம் படாத இடத்தில், இரண்டு டயர்த் தடங்கள். ஒடுக்கமானவை. முச்சக்கர வண்டி என்றால் நடுவில் மூன்றாவது தடம் இருக்க வேண்டும். இங்கே இல்லை. ஜெயந்தினி நாடாவை நீட்டி அளந்தார். இடைவெளி நான்கடி இரண்டு அங்குலம்.

வீரசிங்கம் கானின் ஓரத்தில் குந்தியிருந்தார். மனைவியின் செருப்பு ஒன்று அவர் கையில் இருந்தது.

"ஐயா, இந்த ரோட்டுல என்ன வாகனம் வரும்?"

"ஒண்ணும் வராதுங்கம்மா. மீரியபெத்தையில மண்ணு சரிஞ்சதுக்கப்புறம் இங்கயும் ஆபத்துன்னு மேல்கணக்கு லயத்து வீடுகளையெல்லாம் காலி பண்ணிட்டாங்க. வெறகுக்கு மட்டுந்தான் நாங்க வருவோம்."

"ஒரு தடவகூட வாகனம் பாத்ததில்லையா?"

"நான் பாத்ததில்லைங்க. அவதான் சொல்லுவா, சில புதன்கிழமை மோட்டர் சத்தம் கேக்குதுன்னு. பல வருசமாச் சொல்லுவா. உனக்குக் காது சரியில்லன்னு நான் சிரிப்பேன்."

அவர் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார்.

வியாழக்கிழமை, காலை 8.40.

பதுளையிலிருந்து சட்ட வைத்திய அதிகாரி தொலைபேசியில் பேசினார். விலா எலும்புகள் உடைந்திருக்கின்றன. உள்ளே இரத்தக் கசிவு. அடிபட்டது மூன்று மணி வாக்கில்.

"ஒடனே சாகலையா டாக்டர்?"

"இல்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல உயிரோட இருந்திருக்காங்க. அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தா அநேகமாப் பிழைச்சிருப்பாங்க."

அந்த வளைவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வாகனத்தில் நாற்பது நிமிடம்.

காலை 9.30.

கரும்பச்சை நிறக் கார் அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைத் தெரியாதவர்கள் இல்லை. பழைய மொரிஸ் மைனர். தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற அற்புதராஜின் வீட்டுக் கொட்டகையில் நின்றது. வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது அற்புதராஜின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கார் அது. அப்பா அதை ஓட்டவில்லை. மகனும் ஓட்டவில்லை என்றுதான் ஊர் சொன்னது. கொட்டகையின் பின்கதவு மேல்கணக்குப் பாதையில் திறந்தது.

அற்புதராஜுக்கு எழுபத்திரண்டு வயது. குள்ளமான, மெலிந்த மனிதர். மனைவியை இழந்தவர். காரை மூடியிருந்த போர்வையை அவர் விலக்கிய விதத்தில் ஒரு மரியாதை இருந்தது.

"பாருங்க மிஸ். மீட்டரப் பாருங்க."

00643.

"திங்கக்கிழமை சதீஸ்குமார்னு ஒருத்தர் வந்து காரை மதிப்பிட்டு, மீட்டரையும் போட்டோ புடிச்சிட்டுப் போனாரு. சனிக்கிழமை கொழும்புலருந்து வாங்குறவங்க வாறாங்க. இந்தாங்க அந்தப் போட்டோ."

படத்திலும் 00643. மைலில் பத்திலொரு பங்கைக் காட்டும் கடைசி எண்ணும் மாறவில்லை.

"ஓடியிருந்தா கூடியிருக்கணுமே. மீட்டர் பொய் சொல்லாது மிஸ்."

"இஞ்சின் வேலை செய்யுமா?"

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். ஒரு அடி நகர்த்த மாட்டேன். டயரும் பெற்றரியும் மட்டும் மாத்தியிருக்கேன். மத்ததெல்லாம் கம்பனியில போட்டதுதான். சீட்டு, கண்ணாடி, பெடல் ரப்பர் எல்லாம்."

ஜெயந்தினி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள அவருக்கே முழங்கால் ஸ்டியரிங்கில் உரசியது. குனிந்து கீழே பார்த்தார். கிளச் பெடலின் ரப்பர் வழவழவென்று மின்னியது. நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார் என்று நப்ரீஸ் நினைத்துக்கொண்டான்.

இடது முன் மட்கார்டில் புதிய பொலிஷ் வாடை அடித்தது.

"பொலிஷ் எப்ப போட்டீங்க?"

"நேத்து. ஆளுங்க வாறாங்கல்ல."

"இந்தப் பக்கம் மட்டுமா?"

"இதுலருந்து ஆரம்பிச்சேன் மிஸ். இருட்டிப் போச்சு."

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மகன் றிச்சர்ட் இறங்கினான். முப்பத்தாறு வயது, ஆறடிக்கு மேல் உயரம். ஒன்பது வருடம் கட்டாரில் வேலை செய்துவிட்டு நான்கு மாதத்துக்கு முன்னால்தான் திரும்பியிருந்தான். இப்போது எல்ல நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டினான். செவ்வாய்க்கிழமை அப்பாவும் மகனும் போட்ட சண்டை பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டிருந்தது.

"என்ன சண்டை?" ஜெயந்தினி கேட்டார்.

"காரைப் பத்தித்தான்" என்றான் றிச்சர்ட். "எல்லவுல கல்யாணம் பண்ண வர்ற வெள்ளைக்காரங்க இந்த மாதிரிக் காருக்கு அலையிறாங்க. விக்க வேணாம், ஓட்டுவோம்னேன். ஓடுறதுக்குத்தானே காரைச் செஞ்சாங்க? அம்மா நெஞ்சு வலின்னு துடிச்சப்பகூட இத எடுக்காம பக்கத்து வீட்டு ஓட்டோவுக்குப் போனவரு இவரு."

"ஒரு மைல் ஓட்டினாலும் அந்த மைல் திரும்பி வராது" என்றார் அற்புதராஜ், மகனைப் பார்க்காமல். "புதுசுங்கிறது ஒரு தடவதான். அப்பா என்கிட்ட அத நம்பிக் குடுத்தாரு."

"செவ்வாய்க்கிழமை என்ன சொன்னீங்க றிச்சர்ட்?"

"ஒரு நாளைக்கு நானே எடுத்து ஓட்டிக் காட்டுறேன்னேன்."

"நேத்து மத்தியானம் ரெண்டு மணியிலருந்து நாலு மணி வரைக்கும்?"

"எல்ல றெயில்வே ஸ்டேசன்ல வேனுக்குள்ள தூங்கினேன். ஹயர் ஒண்ணும் கெடைக்கல."

"யாராவது பாத்தாங்களா?"

"தூங்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

ஜெயந்தினி அற்புதராஜின் பக்கம் திரும்பினார். "கார்ச் சாவி எங்க இருக்கும்?"

"இயேசு படத்துக்குப் பின்னால." ஒரு மூச்சு விட்டு, கிழவர் சேர்த்துக்கொண்டார். "அவனுக்கும் தெரியும்."

றிச்சர்ட் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை, வெறும் வியப்பு.

பிற்பகல் 3.15.

விறகில் இருந்த பெயின்டும் காரின் பெயின்டும் ஒன்று என்று தடயவியல் ஆய்வாளர் சொன்னார். காரின் சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் பொருந்தியது. மீட்டர் மட்டும் பொருந்தவில்லை. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. றிச்சர்ட் வாகன வேலை தெரிந்தவன், மீட்டரை ஏதாவது செய்திருப்பான் என்றார். அவனை உள்ளே வைத்தார்கள். செய்தியைச் சொல்ல நப்ரீஸ் அற்புதராஜிடம் போனான்.

"என்ன சொன்னாரு?" அவன் திரும்பியதும் ஜெயந்தினி கேட்டார்.

"சட்டம் செய்யிறத செய்யட்டும்னாரு மேடம். வக்கீல் வைக்கணுமான்னுகூடக் கேக்கல. சனிக்கிழமைக்குள்ள காரை விட்டிருவீங்களான்னு கேட்டாரு."

மாலையில் நப்ரீஸின் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஜெயந்தினி மறுபடியும் அந்த வளைவுக்குப் போனார். பாதி வழியில் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. முள் பூச்சியத்தில் நின்றது.

"மீட்டருக்கு என்ன?"

"கேபிள் கழண்டிருச்சு மேடம். ஒரு மாசமா அதே நம்பர்தான் காட்டுது."

"நிப்பாட்டு" என்றார் ஜெயந்தினி. ஐந்து நிமிடம் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாளைக்குக் காலையில பதுளையிலருந்து பழைய கார் மெக்கானிக் ஒருத்தரக் கூட்டிட்டு வா" என்றார்.

வெள்ளிக்கிழமை, காலை 10.20.

மெக்கானிக் ஜுனைதீன் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தார். கொட்டகையில் அற்புதராஜ் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். றிச்சர்டையும் காவலோடு கொண்டு வந்திருந்தார்கள்.

"மிஸ், இங்க உள்ள நட்டெல்லாம் துரு. மீட்டர்க் கேபிள் நட்டு மட்டும் பளபளன்னு கிடக்கு. இது ஒரு நாள், ரெண்டு நாள் கழட்டின நட்டு இல்ல. கை பட்டுப் பட்டு விளிம்பே மழுங்கிப் போயிருக்கு."

"சீட்டு?"

"அசையாது. தண்டவாளம் துருப்பிடிச்சு இறுகிட்டுது. முன்னுக்குத் தள்ளின எடத்துலயே நிக்குது."

"றிச்சர்ட், ஏறி உட்காருங்க. கிளச்சை மெதிங்க."

றிச்சர்ட் உடம்பை மடக்கி உள்ளே நுழைந்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. காலைத் தூக்கிப் பெடலில் வைக்கவே முடியவில்லை. இரண்டு தடவை முயன்று கைவிட்டான்.

ஜெயந்தினி அற்புதராஜுக்கு எதிரே வந்து நின்றார்.

"ஐயா, கருப்பம்மாவை மோதினது இந்தக் கார். ஓட்டினது நீங்க."

"மீட்டர்..."

"மீட்டர்தான் உங்களைக் காட்டிக் குடுத்துச்சு. காரைத் திருட்டுத்தனமா எடுக்கிறவன் மீட்டரைப் பத்திக் கவலைப்பட மாட்டான். உங்க மகனுக்கு அந்த நம்பர் ஒரு பொருட்டே இல்ல. ஓட்டணும்கிறதுதானே அவரோட சண்டையே? வண்டிய எடுக்கிறதுக்கு முந்தி உட்கார்ந்து கேபிளைக் கழட்டுறவரு, அந்த நம்பரை உயிரா நினைக்கிறவராத்தான் இருக்கணும். அப்படி ஒருத்தர்தான் இந்த வீட்ல இருக்காரு."

அற்புதராஜ் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"பெடல் ரப்பர் கம்பனியில வந்ததுன்னு நீங்களே சொன்னீங்க. அதுல வரி ஒண்ணுகூட இல்ல, அவ்வளவும் தேஞ்சிருக்கு. வாரத்துல பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணினா அப்படித் தேயாது. அது வருசக் கணக்கான தேய்மானம். றிச்சர்ட் வந்து நாலு மாசந்தான் ஆகுது. புதன்கிழமைகள்ல மோட்டர் சத்தம் கேக்குதுன்னு கருப்பம்மா பல வருசமாச் சொல்லியிருக்காங்க. எத்தன மைல் ஓட்டியிருப்பீங்க ஐயா?"

அற்புதராஜ் தலையை ஆட்டினார்.

"எனக்கே தெரியாது மிஸ்."

அவர் காரைப் பார்த்தபடியே பேசினார். "அப்பா இறந்த வருசம் ஒரு புதன்கிழமை, ஒரே ஒரு தடவன்னு எடுத்தேன். அந்த இஞ்சின் சத்தம்... அதுக்கப்புறம் ஓட்டாம இருக்க முடியல. ஓட்டினேன்னு சொல்லவும் முடியல. ஓட்டாத புதுக் கார்னு எல்லாரும் கும்பிடுற மாதிரி வந்து பாத்துட்டுப் போவாங்க. மேல்கணக்கு காலியானதும் பயமில்லாமப் போச்சு. விக்கிறதுக்கு முந்திக் கடைசியா ஒரு தடவன்னுதான் புதன்கிழமை எடுத்தேன். வளைவுல பனி. அந்தப் பொம்பளை நடுவுல வந்துட்டா."

"இறங்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உயிர் இருந்துச்சா?"

"பேசினா. 'கிளாக்கரய்யா, என்னைய ஏத்திக்கிட்டுப் போங்க'ன்னா. ஆள் கூட்டிட்டு வாறேன்னு சொன்னேன்."

"கூப்பிட்டீங்களா?"

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா கார் ஓடுறது ஊருக்கே தெரிஞ்சிருமே. யாரைக் கூப்பிட்டாலும் எப்படித் தெரியும்னு கேப்பாங்க. வந்து... காரைக் கழுவினேன்."

றிச்சர்ட் காரிலிருந்து இறங்கி, அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"அப்பா, என்னைய உள்ள போட்டாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சனிக்கிழமை தாண்டிட்டா நல்ல வக்கீலா வச்சு உன்னைய எடுத்திரலாம்னு நெனச்சேன் மகன்."

றிச்சர்ட் அவர் முகத்தையே பார்த்தான். "அம்மா துடிச்சப்ப இது ஓடும்னு உங்களுக்குத் தெரியும்" என்றான். "ஓட்டவும் தெரியும்."

நப்ரீஸ் கிழவரின் கையைப் பிடித்து எழுப்பினான்.

பிற்பகல் 2.45.

லயத்து வாசலில் சாமியானா கட்டியிருந்தார்கள். பிரேதத்தைத் தூக்க இன்னும் சிறிது நேரம் இருந்தது. ஜெயந்தினி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீரசிங்கத்தின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். யார் செய்தது என்று சொன்னார். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒடனேயே போயிட்டாளாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஜெயந்தினிக்கு ஆசையாக இருந்தது. தான் தலையசைத்தால் போதும், இந்த மனிதர் இன்றைக்காவது தூங்குவார். ஆனால் அடுத்த வாரம் நீதிமன்றத்தில் வேறொருவர் அதை உரக்கப் படிப்பார்.

"இல்லைங்க ஐயா. ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி அவருகிட்டக் கேட்டிருக்காங்க. அவரு விட்டுட்டு வந்துட்டாரு."

வீரசிங்கம் இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டார். உள்ளே பெண்களின் ஒப்பாரி உயர்ந்து தணிந்தது.

"நான் வீட்லதான் இருந்தேன்" என்றார். "தேத்தண்ணி ஊத்தி வச்சிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

யாரோ வந்து நேரமாகிறது என்றார்கள். அவர் எழுந்தார். இரண்டடி வைத்து நின்று, திரும்பினார்.

"கோர்ட்டுல அத மொதல்ல சொல்லுங்கம்மா. ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லி அவ கேட்டாங்கிறத. காரு அடிச்சத ரெண்டாவதாச் சொல்லுங்க."

ஜெயந்தினி எழுந்து நின்று, "சொல்றேன் ஐயா" என்றார்.