திருப்பி வைத்த வாசற்படி

"பூட்டு உடையல, ஜன்னல் திறக்கல. சாவி கோவ் அண்ணன்கிட்ட மட்டும்தான் இருக்கு. அவர் எடுக்கலேன்னா பேய்தான் எடுத்திருக்கணும்!" என்று சிரித்தான் சுற்றுலா வழிகாட்டி பியான். தினமும் போடும் பழங்கால மாணவர் அங்கி இன்று அவன் மேல் இல்லை. சாதாரணச் சட்டைதான்.

கூடச் சிரிக்க ஆளில்லை. பேரரசர் காலத்து அந்தக் கல்விக்கூடத்தில் யாரும் பேயைக் கேலி செய்வதில்லை. தேர்வில் தோற்று, ஊர் திரும்ப வெட்கப்பட்டு, இங்கேயே செத்துப்போன மாணவர்கள் சாயங்காலமானால் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டவர்கள் உண்டு.

காலை எட்டு மணி. பூட்டிய மண்டபத்துக்குள் இருந்த பேரரசர் எழுதும்போது மை உரைத்த மைக்கல்லைக் காணோம். காவலாளி கோவின் கையில் விலங்கு.

"இந்த வயசுல ஜெயிலுக்குப் போனா உயிரோட திரும்ப மாட்டேன் மேடம்."

இன்ஸ்பெக்டர் லுவான் சியூ முழங்கால் உயர வாசற்படியையே பார்த்தாள். கதவுக்கு அடியில் பொருத்திய, சிவப்புச் சாயம் பூசிய கனத்த மரப் பலகை. மிதித்தால் ஆகாது என்று எல்லோரும் தாண்டித்தான் போவார்கள். உற்றுப் பார்ப்பவர் கிடையாது.

"கோவ் அண்ணே, இதுல வெயில் படற பக்கம் எது?"

"வெளிப்பக்கம்தான்."

"அப்ப அது வெளுத்திருக்கணுமே. ஏன் புதுசா சிவப்பா இருக்கு?"

கோவ் குனிந்தார். "ஐயோ, திருப்பி வச்சிருக்கு! விழாவுக்குப் பெரிய முரசை வண்டியில கொண்டுவர இதைக் கழட்டுவோம் மேடம். நானும் பியானும்தான். ஒருத்தரால தூக்க முடியாது."

"கழட்டினா, பூட்டின கதவுக்கு அடியில ஆள் தவழ்ந்து போகலாம். சாவி வச்சிருக்கறவர் எதுக்குத் தவழணும்?" அவள் பியான் பக்கம் திரும்பினாள். "அங்கி எங்க தம்பி? பலகையை அணைச்சுத் தூக்கினதுல நெஞ்செல்லாம் சிவப்புச் சாயம் ஒட்டிக்கிச்சா?"

பியானின் அலமாரியில் அங்கி இருந்தது. சாயக்கறையோடு, மைக்கல்லைச் சுற்றியபடி. விலங்கு கை மாறியது.

"கூட வந்தது யாரு?"

பியான் வாசற்படியைக் காட்டினான். "தனியாத்தான் வந்தேன் மேடம். ஒரு முனையை நெம்பினேன். மறுமுனை தானா எழும்பிச்சு. யாரோ பிடிச்சிருந்தாங்க. அந்தக் கையோட விரலெல்லாம் மை. கல்லோட வெளிய வந்ததும் ஓடிட்டேன். பலகையை எடுத்து இப்படித் திருப்பி மாட்டினது நான் இல்ல. சத்தியமா இல்ல!"

கோவ் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே காலி மண்டபத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

திருடனுக்கும் கைகொடுத்து, அப்பாவியையும் காப்பாற்றிய அந்தக் கை யாருடையது? இல்லை, பியான் புளுகுகிறானா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?