மூன்று சொல்வதற்குள்

பன்னிரண்டு மணிக்கு அவனைத் திருப்பிப் போட்டபோது நான்கு கைகள்தான் அவன் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு தெரிந்தன.

ஒன்பது நாளாகக் கைகளை எண்ணுவதுதான் அவனுக்கு வேலை. கழுத்தில் பட்டை போட்டுக் கிடப்பவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? படுக்கைப்புண் வரக்கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனை மரக்கட்டை போல ஒரே அசைவில் பக்கவாட்டில் திருப்புவார்கள். தலைமாட்டில் சிஸ்டர், எண்ணிக்கை சொல்வது அவர். தோளிலும் இடுப்பிலும் அவன் மனைவி. கால்மாட்டில் ஆயாம்மா. மூன்று சொன்ன பிறகுதான் எல்லோரும் சேர்ந்து திருப்ப வேண்டும். யாராவது முந்திக்கொண்டால் உடைந்த முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும், மிச்சமிருக்கும் நரம்பும் போய்விடும். இடுப்புக்குக் கீழே அவனுக்கு எந்த உணர்வும் கிடையாது. ஆயாம்மாவின் கைகளை அவன் நம்பிக்கையில்தான் கணக்கில் சேர்த்துக்கொள்வான்.

இன்றைக்கு சிஸ்டர் "ரெண்டு" என்று சொன்னதும் இடது கணுக்காலை இரண்டு கைகள் இறுகப் பிடித்து இழுத்தன. பிடி அவனுக்குத் தெரிந்தது. விரல்களின் ஈரம்கூடத் தெரிந்தது.

"யாரது மூணு சொல்றதுக்குள்ள இழுக்கறது?" சிஸ்டர் சீறினார். "ஆயாம்மா, அப்படி என்ன அவசரம்? பஸ்ஸா போயிடும்?"

"நல்லா இருக்கே கதை! நான் இன்னும் தொடவே இல்ல. கையுறை மாட்டிக்கிட்டு இருக்கேன், கண்ணு தெரியலையா?"

அவனுக்கு அந்தச் சண்டை காதில் ஏறவே இல்லை. "கால் தெரிஞ்சுது" என்றான். "யாரோ பிடிச்சாங்க. சத்தியமா தெரிஞ்சுது."

மனைவி அப்படியே அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பத்து நாளுக்குள் காலில் ஒரு விரல் அசைந்தாலும் போதும், எப்படியும் நடக்க வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளையோடு பத்து. அவன் விழுந்த அதே விபத்தில் தன் அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு, அழக்கூட நேரமில்லாமல் புருஷனின் சிறுநீர்ப் பையைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். அந்த ஒரு விரலைத்தான் அவள் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்தார். உள்ளங்காலில் ஊசியால் குத்தினார், சுத்தியலால் தட்டினார். ஒன்றும் தெரியவில்லை. "சில சமயம் இப்படித் தோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்குள் மனைவி காவல் நிலையத்துக்குப் போய் அவனுடைய சாமான்களை வாங்கி வந்திருந்தாள். இடுப்பு வார், கைக்கடிகாரம், ஒரு ஜோடி பூட்ஸ். பிளாஸ்டிக் பையைத் திறந்ததும் சோப்புத் தண்ணீர் வாசனை அந்த மருந்து நெடியையும் தள்ளிக்கொண்டு வந்தது. உயரமான கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கும் மேடையில் நின்று கண்ணாடி துடைக்கிற வேலை அவனுக்கும் மச்சானுக்கும். பதினோரு வருஷம் ஒரே மேடை, ஒரே வாளி.

"வலது பூட்ஸ் உங்க கால்ல இருந்துச்சாம்." அவள் இன்னொன்றை உயர்த்திக் காட்டினாள். "இது அண்ணன் கையில இருந்துச்சாம். லேஸ்கூட அவிழல. எப்படிங்க?"

"அந்த நேரத்துல எனக்கு என்ன ஞாபகம்?" எரிந்து விழுந்தான். "வந்ததும் வராததுமா ஏன் நோண்டுற?"

அவள் பையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அதை அங்கே வைக்காதே என்று சொல்ல வாயெடுத்தான், காரணம் கேட்பாளே என்று விட்டுவிட்டான்.

சிஸ்டர் எண்ணத் தொடங்கினார். ஒண்ணு. ரெண்டு. மறுபடியும் இழுப்பு, அதே கணுக்கால்.

"ஆயாம்மா, நீங்களும் எங்க அண்ணன் மாதிரியே!" மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வீட்டுல பீரோ நகர்த்தினாலும் அண்ணன் மூணு சொல்ல விடவே விடாது. ரெண்டுலயே தூக்கிடும்."

"அட போம்மா. எத்தனை தடவை சொல்றது, நான் இழுக்கல!"

அவன் சிரிக்கவில்லை. வாளியானாலும் மேடையானாலும் ரெண்டில் தூக்குவதுதான் மச்சானின் பழக்கம். மூணு வரைக்கும் எண்ணுவது சோம்பேறிகளின் வேலை என்பான். இப்போது அவன் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. நான்காவது மாடி. கண்ணாடியின் வெளிப்பக்கம், கீழ் மூலையில், ஒரு முழு உள்ளங்கையின் அழுக்குத் தடம். தொழில்காரன் கண்ணுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. எந்த மடையன் துடைத்தான் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு பார்த்தால், அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்க ஒரு சாண் இடம்கூட இல்லை.

நான்கு மணிக்கு ஆயாம்மா வரவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். காற்றுப் படுக்கையின் மோட்டார் உஸ் உஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது, அதற்கு நடுவில் எங்கிருந்தோ ஈரக் கண்ணாடியில் ரப்பர் இழுபடும் கீச்சொலி, மேலிருந்து கீழே, ஒரே சீராக. பதினோரு வருஷம் கேட்டுப் புளித்துப்போன சத்தம். "உனக்குக் கேக்குதா?" என்றான். "என்னது?" என்றாள். அவன் விட்டுவிட்டான்.

சிஸ்டர் திரைக்கு வெளியே தலையை நீட்டி, "கால் பக்கம் பிடிக்க யாராவது வாங்களேன்!" என்று கத்தினார். யாரும் வரவில்லை. ஆனால் அவர் திரும்பி வந்து எண்ணியபோது கால்கள் ரெண்டிலேயே புரண்டன. மனைவி எட்டிப் பிடித்துவிட்டாள் என்று சிஸ்டர் நினைத்தார். சிஸ்டர் பிடித்தார் என்று மனைவி நினைத்தாள்.

இந்தத் தடவை பிடி விடவில்லை.

திருப்பி முடித்து, தலையணை கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டு, சார்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு சிஸ்டர் போன பிறகும் அந்தப் பத்து விரல்கள் அவன் கணுக்காலிலேயே இருந்தன. அதில் கனம் ஏறிக்கொண்டே வந்தது. பழக்கமான கனம். ஒரு முழு ஆளின் கனம்.

அன்றைக்கு ஒரு பக்கக் கயிறு அறுந்து மேடை செங்குத்தாகச் சாய்ந்தபோது அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மச்சானுக்கு அவன் இடது கால்தான் கிடைத்தது. மேலே பார்த்த முகத்தில் பயம்கூட இல்லை, இவன் இருக்கிறானே என்ற தைரியம்தான் இருந்தது. "பிடிச்சுக்கோ, ரெண்டு சொன்னதும் ஏறிடறேன்" என்றான் மச்சான். அவனுக்குக் கை எரிந்தது. விரல்கள் நழுவின. மச்சான் "ஒண்ணு" சொன்னான். அவன் காலை உதறினான். மறுபடியும் உதறினான். மூன்றாவது உதறலில் பூட்ஸோடு கனம் போய்விட்டது. அரை நிமிஷத்தில் மறுபக்கக் கயிறும் அறுந்து, வாசல் தகரக் கூரையில் விழுந்து, அவன் மட்டும் பிழைத்தான். பிடி கிடைக்காமல் மச்சான் முதலிலேயே போய்விட்டான் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அவளிடமும்.

"என்னங்க, வேர்த்துக் கொட்டுதே?" மனைவி ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

"நான் உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தான். அவள் முகம் தலைக்கு மேலே குனிந்திருந்தது. அண்ணனின் அதே கண்கள்.

"அப்புறம் சொல்லுங்க. நீங்க நடந்து வீட்டுக்கு வந்ததும் எல்லாம் பேசிக்கலாம்."

ஆறு மணி. வெளியே இருட்டிவிட்டது. வார்டு விளக்குகளைப் போட்டார்கள். சிஸ்டர், மனைவி, ஆயாம்மா, மூன்று பேரும் இருந்தார்கள்.

"ஆயாம்மாவைத் தலைப் பக்கம் வரச் சொல்லுங்க" என்றான். "என் காலைப் பாருங்க. யார் இருக்காங்கன்னு பாருங்க."

"யார் இருப்பா, நான்தான் நிக்கிறேன்" என்றாள் ஆயாம்மா. "குண்டா இருக்கிறது ஒரு குத்தமா?"

ஒண்ணு. ரெண்டு. உடம்பு ஜன்னல் பக்கம் புரண்டது. முதுகுக்குத் தலையணை வைக்க மனைவி கட்டிலைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அவன் முன்னால் கண்ணாடி மட்டும் இருந்தது. இருட்டு ஏறிய கண்ணாடியில் முழு அறையும் தெரிந்தது. அவன் தெரிந்தான். முதுகுக்குப் பின்னால் மனைவி. தலைமாட்டில் சிஸ்டர். கால்மாட்டில் ஆயாம்மா. கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் இடது பாதம்.

கட்டிலுக்குக் கீழே தரை இல்லை.

வெகு ஆழத்தில் சாலை. எறும்புகளாக வண்டி விளக்குகள். அவன் கணுக்காலில் இரண்டு கைகள். கைகளுக்குக் கீழே தோள்கள். தோள்களுக்கு நடுவே, நிமிர்ந்து அவனையே பார்க்கும் முகம்.

மச்சான் தொங்கிக்கொண்டிருந்தான்.

கத்தினான். சத்தம் வரவில்லை. கை எரிந்தது. விரல்கள் கட்டில் கம்பியை எப்போது பிடித்தன என்று தெரியவில்லை. நழுவின.

உதறினான்.

கால் உதறியது.

"சிஸ்டர்!" மனைவியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "கால் ஆடுது! அய்யோ பாருங்க சிஸ்டர், கால் ஆடுது!"

ஆயாம்மா கை தட்டினாள். சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் உதறினான். பிடி விடவில்லை. இந்தத் தடவை வெறுங்கால். கழன்று போக பூட்ஸ் இல்லை.

"உதறுங்க!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "இன்னொரு தடவை! எனக்காக இன்னும் நல்லா உதறுங்க!"

கண்ணாடிக்குள் மச்சான் கொஞ்சம் மேலே ஏறி, பிடியை முழங்காலுக்கு மாற்றிக்கொண்டான். அவன் முகத்தில் அதே தைரியம்.

"ஒண்ணு" என்றான்.