நிழல் விழாத வெளிச்சம்

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கேமரா ஃப்ளாஷாக எடுத்து வைத்தார். பெரியவர் எதையும் தொடவில்லை. ஊன்றுகோலை இரு கைகளாலும் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல நிழல் விழுமா?"

"ஐயா, பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்வளவு துருவ மாட்டாங்க," என்று கடைக்காரர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

கூட வந்திருந்த கேமராக்காரப் பெண்தான் சமாளித்தாள். "இந்தச் சின்னதுக்குத் தலை திரும்பாது ஐயா. நேரா மூஞ்சில அடிக்கும். பின்னாடி சுவத்துல கன்னங்கரேல்னு நிழல் விழும். இந்தப் பெருசோட தலையை மேல திருப்பிக்கலாம். வெளிச்சம் கூரையில பட்டுப் பரவி இறங்கும், நிழலே தெரியாது. உங்க கூடம் உயரம், இது தாங்கும். ஆனா கூரை வெள்ளையா இருக்கணுமே. உங்க வீட்டுது கறுப்பு மரம், வெளிச்சத்தை அப்படியே குடிச்சிடும்."

"கூரையை நான் பாத்துக்கறேன். இதையே எடு."

மறுநாளே தாத்தா காலத்து மரக்கூரைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. பெரியவரின் தம்பி தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, ஊரே வந்து பாத்துட்டுப் போற கூரை அது! கல்யாணம் என் பொண்ணுக்கு, பைத்தியம் உங்களுக்கா?"

அண்ணன் ஊன்றுகோலால் கூரையைக் காட்டி, வந்த ஆளை ஏணியில் ஏறச் சொன்னார். அவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் பேச்சு முடிந்தது என்று பொருள்.

தம்பிக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. தம்பியின் கல்யாணத்தின்போது அதே கூடத்தில், நேராக அடிக்கும் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்தார்கள். வரிசையாக நின்றவர்களின் நிழல்கள் சுவரில் விழுந்திருந்தன. வரிசையின் கோடியில், யாருமே நிற்காத இடத்தில், ஒரு பெண்ணின் நிழலும் விழுந்திருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்ற நிழல்.

அப்படி நிற்பவள் அந்த வீட்டில் ஒருத்திதான். தங்கை. தானாக ஒருவனைத் தேடிக்கொண்டு போனவள். படுக்கையில் கிடக்கிறேன், மருந்துக்கு உதவுங்கள் என்று அவள் சொல்லி அனுப்பியபோது, "செத்தவளுக்கு எதுக்கு மருந்து?" என்று வந்த ஆளைத் திருப்பி அனுப்பியவர் பெரியவர். தம்பி கல்யாணத்துக்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

படத்தை அவர் அடுப்பில் போட்டார். அதன்பிறகு கூடத்தில் யாரும் ஃப்ளாஷ் அடித்ததில்லை. அவள் பேச்சை எடுத்ததுமில்லை. தம்பி மகளுக்கு அத்தை ஒருத்தி இருந்ததே தெரியாது. சம்பந்தி வீட்டாரிடமும் கூடப்பிறந்தது நாங்கள் இரண்டு பேர்தான் என்று சொல்லியாயிற்று. ஆனால் அவர்கள் படம் வேண்டும் என்கிறார்கள். மாட்டேன் என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்று பேச்சு வரும்.

தம்பி மகள் கல்யாணத்தன்று சாயங்காலமே கூடம் இருண்டுவிட்டது. சின்ன ஜன்னல்கள், மங்கிய விளக்குகள், காயாத சுண்ணாம்பின் வாடை. ஃப்ளாஷ் ஒவ்வொரு முறையும் மின்னிவிட்டு, மெல்லிய ரீங்காரத்தோடு மறுபடி தன்னை நிரப்பிக்கொண்டது. யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல இருந்தது.

பெரியவர் படம் எடுப்பவளைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம். வெறும் சுவர்.

வெளிச்சம். வெறும் சுவர்.

அவர் தோள்கள் தளர்ந்தன. மணமக்கள் கைகோத்தபோது சிரிக்கக்கூடச் செய்தார்.

அப்போதுதான் கேமராக்காரப் பெண் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, அந்த அம்மாவைக் கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லுங்களேன். எல்லாப் படத்துலயும் ஓரமாவே நிக்கிறாங்க."

"எந்த அம்மா?"

அவள் கேமராவின் சின்னத் திரையைக் காட்டினாள். முதல் படத்தில் வாசற்படியில். அடுத்ததில் தூணருகே. அதற்கடுத்ததில் வரிசையின் கோடியில். கடைசிப் படத்தில் அவர் தோளை ஒட்டி.

தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தாள். கூரையிலிருந்து இறங்கிய வெளிச்சம் அவள் முகத்தை மெழுகு போலக் காட்டியது.

நிழல்தான் இல்லை. அவள் இருந்தாள்.

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தாள். "அட, இவங்க யாரு? நெத்தியும் மூக்கும் அப்படியே நீங்கதான். கூடப்பிறந்தவங்களா?"

மணப்பெண்ணும் திரும்பினாள். "யாரு பெரியப்பா அது?"

தம்பி திரையைப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் நின்றார். "அண்ணே... சொல்லிடுங்க," என்றார், உதடு மட்டும் அசைய.

பெரியவரின் கழுத்தோரம் சில்லென்று ஒரு மூச்சுப் பட்டது. அவர் திரும்பவில்லை. ஊன்றுகோலை அழுத்தி ஊன்றி நிமிர்ந்தார்.

"அந்த மாதிரி யாரும் இந்த வீட்ல பிறக்கல."

ரீங்காரம் கேட்டது. கேமரா படமெடுப்பவளின் கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கை அதன்மேல் இல்லை.

கூடமே வெளுத்தது.

கண் கூசி மீண்டபோது மணப்பெண் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, பெரியப்பா எங்க? இப்ப இங்கதானே நின்னாங்க?"

"இங்கதாம்மா இருக்கேன்," என்றார் பெரியவர்.

யாரும் திரும்பவில்லை.

திரையில் புதுப் படம் மெல்லத் தெளிந்தது. எல்லோரும் இருந்தார்கள். நடுவில், மணப்பெண்ணின் தோளில் கை போட்டபடி, அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். வரிசையின் கோடியில் இடம் காலியாக இருந்தது.

அதன் பின்னே, வெள்ளைச் சுவரில், ஊன்றுகோலோடு நிமிர்ந்து நின்றது ஒரு நிழல்.