புதன்கிழமை ராத்திரிப் பிறந்தவள்

மதியம் சோற்றுக்கு இரண்டாவது தடவையாக இந்துஜா பாகற்காய்த் தீயலை எடுத்து ஊற்றிக்கொண்டபோது, செல்லக்கனிக்குக் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இருபத்தைந்து வயது வரை அந்தக் காய் வேகும் மணம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியவள் இவள். கலியாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, போகிற வீட்டில் எதையும் தின்னப் பழகட்டும் என்று முதல் நாள் செல்லக்கனி சந்தோஷம்தான் பட்டாள். இன்று ஐந்தாவது நாள். விதையைக்கூடத் துப்பாமல் மென்று, விரலை நக்கிவிட்டு, "கொள்ளாம்மா, நல்லாருக்கு" என்றாள் மகள்.

அந்தக் குரலும் சரியில்லை. மஸ்கட்டில் இருக்கிற அப்பனோடு பேச இவளுக்குப் போனே வேண்டாம், சும்மா கத்தினாலே அங்கே கேட்கும் என்று தக்கலையில் தெருவே கேலி செய்கிற தொண்டை அது. கதவை அறைந்து சாத்துவாள், பாத்திரத்தை உருட்டுவாள், பத்து வார்த்தைக்கு ஒரு சண்டை பிடிப்பாள். இப்போது வீட்டில் அவள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கலியாணப் பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு நேசபாய் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்ததும் மகளை முன்னால் உட்கார வைத்து தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். வெளியே ஐப்பசி மழை வாழை இலைகளின் மேல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் காயப் போட்டிருந்த ரப்பர் ஷீட்டின் புளித்த நாற்றம் ஈரத்தோடு சேர்ந்து அறை முழுவதும் நின்றது. முடியைப் பகுத்து இடது காதுக்குப் பின்னால் விரலைக் கொண்டுபோனபோது, கடுகளவுக்கு ஒரு மச்சம் இருந்தது. எண்ணெய் விரலால் தேய்த்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பெற்று, குளிப்பாட்டி, பேன் பார்த்து வளர்த்த தலை. அங்கே மச்சம் கிடையாது.

"நோவுதும்மா," என்றாள் இந்துஜா, திரும்பாமல்.

அந்த மச்சத்தைப் பற்றி எங்கோ படித்திருக்கிறோம் என்று தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டு பூஜை அலமாரிக்குப் போனாள். நாற்பத்திரண்டு பக்கம், கம்பிச் சுருள் போட்ட கம்ப்யூட்டர் ஜாதகம். கலர் படம், கட்டம், அட்டவணை எல்லாம் உண்டு. எல்லாரையும் போல அவளும் பொருத்தப் பக்கத்தைத்தான் பார்த்திருந்தாள். மற்றதை ஒருமுறை சிரித்துக்கொண்டே புரட்டியதோடு சரி. மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கசப்புச் சுவையில் நாட்டம். மெல்லிய குரல். நடையில் ஓசை இராது. இடது செவியின் பின்புறம் மச்சம்.

செல்லக்கனி அந்த வரிகளை விரல் வைத்து மறுபடியும் படித்தாள்.

இந்துஜா பிறந்தபோது நோட்டில் ஜாதகம் எழுதிக் கொடுத்த நாராயணபெருமாள் ஜோசியரிடம்தான் முதலில் பொருத்தம் பார்த்தாள். அவர் பழைய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒன்றரை மணி நேரம் கணக்குப் போட்டு, பத்துக்கு நாலு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்ல பையன், நல்ல வீடு, கையை விட்டுப் போகிறதே என்று வயிறு எரிந்தது. அப்படியே பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரேஷ்மியின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது போட்ட தேதி வேறு என்பதால் நினைவிலிருந்து தேதி சொன்னாள். பத்தே நிமிடம், பத்துக்கு ஒன்பது. கிழவருக்குக் கண்ணும் போச்சு, கணக்கும் போச்சு என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்போது ஆட்டோ பிடித்து, அதே கிழவரின் இரணியல் வீட்டு வாசலில் நனைந்துபோய் நின்றாள்.

"எனக்க கணக்கு போச்சுன்னு ஊரெல்லாம் பேசுதியாமே? இப்ப என்னத்துக்கு வந்தே?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நடந்ததைக் கேட்டார். அந்த நாற்பத்திரண்டு பக்கத்தில் முதல் கட்டத்தை மட்டும் பார்த்தார். விரல் கணுக்களில் எண்ணினார்.

"கம்ப்யூட்டருக்கு என்ன நாளு குடுத்தே?"

"புதன்கிழமைக்க தேதி, அண்ணாச்சி. ராத்திரி ரெண்டு நாப்பது."

"நமக்குப் பொழுது விடிஞ்சாத்தான் வியாழன். இங்கிலீஷ் தேதிக்குப் பன்னெண்டு மணிக்கே வியாழன் ஆயாச்சு, கேட்டியா? புதன்னு அடிச்சா அது செவ்வாக்கெழம ராத்திரிக்குப் போடும்."

"அப்போ கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுட்டா?"

"ஒரு தப்பும் இல்ல. என்னவிடச் சுத்தமாப் போட்டிருக்கு. செவ்வா ராத்திரி ரெண்டு நாப்பதுக்கு ஒனக்குப் பொறந்த பொம்பளப் பிள்ளைக்க ஜாதகம் இது. அப்பிடி ஒரு பிள்ள உண்டான்னு அது கேக்காது. நாங்க பிள்ளைய மடியில வாங்கி மொகத்தப் பாத்துட்டுத்தான் எழுதுவோம்." குரலைத் தாழ்த்தினார். "இந்த ஜாதகத்துக்க நாலு மூலைக்கும் மஞ்சள் தொட்டியா?"

"தொட்டேன்."

"பேரு சொல்லி சாமி முன்னால வச்சியா? நிச்சயத்துக்கு வாசிச்சதும் இதத்தானா?"

தலையாட்டினாள்.

"அப்போ நீயே பேரு சொல்லி அவள வீட்டுக்குள்ள கூப்பிட்டிருக்கே. சரி, பயப்படாத. நான் எழுதின நோட்டு வீட்டுல இருக்குல்லா? அது இருக்கிற வரைக்கும் ஒனக்க மக இருப்பா. அத எடுத்துட்டு வா."

மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று செல்லக்கனி நிச்சயத்துக்கு முந்தின நாள்தான் அந்த நோட்டை எடுத்திருந்தாள்.

"வெந்நி அடுப்புல போட்டுட்டேன், அண்ணாச்சி."

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஜாதகத்த எப்போ தீயில வைப்பாவ?" என்று கேட்டார் அவர்.

அவளுக்குத் தெரியும். மாமனார் செத்தபோது அவருடைய ஜாதகத்தை நெஞ்சின் மேல் வைத்துத்தான் கொள்ளி வைத்தார்கள். ஜோசியர் அந்தக் கம்ப்யூட்டர் ஜாதகத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"இத இங்க வைக்காத. எடுத்துட்டுப் போ."

ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கிழித்து ஆற்றில் எறிந்துவிடலாமா? எறிந்தால், வீட்டில் இருக்கிறவள்? அவளும் போய்விட்டால் இந்துஜா என்று சொல்ல எது மிஞ்சும்?

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கரண்ட் இல்லை. விளக்கு ஏற்றி வைத்திருந்தாள் அவள்.

"எங்கம்மா போனிய?"

"சும்மா... கடைக்கு."

"நனஞ்சிட்டியளே." துவர்த்துத் துண்டை எடுத்து வந்து அம்மாவின் தலையைத் துவட்டினாள். பழைய இந்துஜாவாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இந்தக் கை அத்தனை மெதுவாக, அத்தனை அக்கறையாக இருந்தது. செல்லக்கனிக்கு அழுகை வந்தது. இதுவும் என் பிள்ளைதானே என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது.

அப்போது புறவாசல் கதவு அதிர்ந்தது.

டமடமவென்று. இரண்டு கையாலும்.

"அம்மா! எவ்வளவு நேரமா கூப்பிடுதேன், காது கேக்கலியா? கதவத் தொறங்கம்மா!"

அந்தத் தொண்டை. தெருவே கேட்கிற அந்தத் தொண்டை.

"மக்ளே!" செல்லக்கனி ஓடினாள். அடுக்களையைத் தாண்டி, தட்டுத் தடுமாறி. தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

கதவின் இடுக்கு வழியாக அந்த மணம் வந்தது. ஈரச் சாம்பல். கருகிய முடி. சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் மேல் ஒட்டிக்கொண்டு வருமே, அது.

கை நின்றது.

"மக்ளே... எங்க இருந்து வாற?"

வெளியே தட்டுவது நின்றது. பிறகு, சின்னக் குரலில்:

"தெரியலம்மா. சுடுது. மழையிலதான் நிக்கேன். ஆனாலும் சுடுதும்மா."

திறக்க வேண்டும். பெற்ற வயிறு திற என்றது. கை அசையவில்லை. பயம். வேறொன்றுமில்லை, பயம்தான். திறந்தால் எது நிற்கும்? எந்த முகத்தோடு?

கதவுக்கு அடியில் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தாள். இடைவெளியில் மழைத் தண்ணீர் கசிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. தண்ணீரோடு விரல்கள். நாலு விரல். கறுத்து, தோல் வெடித்து. கடைசி விரல் வளைந்திருந்தது. ஏழாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து ஒடிந்தது. வைத்தியர் வீட்டில் செல்லக்கனியே மடியில் பிடித்திருக்கக் கட்டுப்போட்ட விரல்.

"அம்மா. கையப் பிடிங்கம்மா."

பின்னால் ஓசையே இல்லாமல் அவள் வந்து நின்றிருந்தாள். கையில் மடித்த சாக்கு.

"தண்ணி உள்ள வருதும்மா," என்றாள் மெல்ல. "அடச்சிருங்க."

செல்லக்கனி அழுதுகொண்டே அதை வாங்கினாள். முட்டுக்குத்தி உட்கார்ந்தாள். சாக்கைச் சுருட்டி, துழாவுகிற அந்த விரல்களின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தத் தொடங்கினாள்.